சாதனம் இன்னும் எழுதிக்கொண்டிருந்தது: ஒரு கிராஃபிக்ஸ் பஃபர் டிரைவரின் பழுதுபார்ப்புக் குறிப்பு

என் கிராஃபிக்ஸ் டிரைவருக்கு நேற்றிரவு ஓடவிட்ட சோதனை பன்னிரண்டு மணி நேரம் ஓடி இன்று காலையில் முடிந்தது. தொடங்கும் முன் மெம்இன்ஃபோவில் (லினக்ஸின் நினைவகக் கணக்கு) ஷ்மெம் வரி, அதாவது என் பஃபர்களும் சேரும் பகிர்வு நினைவக வரி, 9,412 கிலோபைட் காட்டியது. முடிந்தபின் 9,420. அந்த 8 கிலோபைட் எங்கே என்று தேடினால், சோதனை நிரலே தற்காலிகக் கோப்புறையில் எழுதிய பதிவுக் கோப்பு. என் பலகையில் அந்தக் கோப்புறை ரேமில்தான் இருக்கிறது, அதுவும் ஷ்மெம் கணக்கில் சேரும். கோப்பை அழித்ததும் மறுபடி 9,412. ஐந்து வார வேலையின் கடைசிப் பகுதியில் இந்த ஒரு எண்தான் என்னை ஆட்டிவைத்தது. எல்லாம் நினைவில் இருக்கும்போதே எழுதிவைத்துவிடுகிறேன்.

எஃப்பிஜிஏ (உள்ளே வேண்டிய சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்) உள்ள ஒரு பலகை. 64 பிட் ஏஆர்எம் செயலி, 1 ஜிபி ரேம். எஃப்பிஜிஏவுக்குள் சின்னதாக ஒரு 2டி எஞ்சின் எழுதியிருந்தேன். அதற்குத் தெரிந்தது இரண்டே வேலை: ஒரு செவ்வகத்தை ஒரே நிறத்தால் நிரப்பும், ஓரிடத்துப் படத்தை இன்னோரிடத்துக்கு நகலெடுக்கும். திரையைப் பார்த்துக்கொள்ளும் டிரைவர் ஏற்கெனவே இருந்தது. என் எஞ்சினுக்கு லினக்ஸின் மையமான கர்னலில், கிராஃபிக்ஸுக்கான டிஆர்எம் அமைப்புக்குள் ஒரு டிரைவர் வேண்டும். கர்னல் பதிப்பு 6.6. எஞ்சினுக்குக் கட்டளை அனுப்பி, முடிந்ததும் இன்டரப்ட் (செயலியை அழைக்கும் குறிப்பு) வாங்கும் பகுதி நாலு நாளில் முடிந்தது. மீதி நாட்கள் முழுக்க பஃபருக்கே, அதாவது படம் இருக்கும் நினைவகத் துண்டுக்கே, போயின: நினைவகத்தை எங்கிருந்து எடுப்பது, அதை செயலிக்கும் எஞ்சினுக்கும் எப்படிக் காட்டுவது, எப்போது திருப்பிக் கொடுப்பது. முதல் இரண்டும் ஒரு வாரத்துக்குச் சற்று மேல் தொல்லை. மூன்றாவதுதான் மூன்று வாரத்தைத் தின்றது.

முதல் முயற்சியில் சுலபமான வழியை எடுத்தேன். ஒவ்வொரு பஃபருக்கும் டிஎம்ஏ அலாக் கோஹெரன்ட் என்ற கர்னல் செயற்கூறு, அவ்வளவுதான் (டிஎம்ஏ என்பது சாதனம் செயலி வழியே போகாமல் நேரே ரேமைத் தொடுவது). தொடர்ச்சியான பௌதிக நினைவகம் கிடைக்கும், எஞ்சினுக்கு ஒரே ஒரு முகவரி கொடுத்தால் போதும், கேஷ் (செயலி தனக்குள் வைத்துக்கொள்ளும் வேக நகல்) பற்றிக் கவலையில்லை. இரண்டு பஃபரில் அழகாக ஓடியது. 1920×1080, பிக்சலுக்கு 4 பைட் என்றால் ஒரு பஃபர் 82,94,400 பைட். 4096 பைட் பக்கங்களாக வகுத்தால் மீதியில்லாமல் 2025 பக்கம். இந்த 2025 என்ற எண் பிறகு எல்லாப் பிழைச்செய்திகளிலும் வந்து நின்றது.

ஆறாவது பஃபர் கேட்டபோது கிடைக்கவில்லை. கர்னல் பதிவில், சிஎம்ஏ (தொடர்ச்சியான நினைவகம் தரும் பகுதி) ஒதுக்கீடு தோல்வி, கேட்டது 2025 பக்கம், விடை மைனஸ் 12, அதாவது நினைவகம் இல்லை. அதே நேரத்தில் காலி நினைவகம் 600 எம்பிக்கு மேல் இருப்பதாக மெம்இன்ஃபோ சொன்னது. இடம் இருக்கிறது, ஆனால் எனக்கு இல்லை. காரணம், தொடர்ச்சியான நினைவகத்துக்கென்று பூட் ஆகும்போதே ஒதுக்கிவைக்கும் பகுதி என் பலகையில் 64 எம்பிதான். அதில் திரை டிரைவர் தன் இரண்டு பஃபரை ஏற்கெனவே எடுத்திருந்தது. தவிர, பெரிய ஒதுக்கீடு ஒவ்வொன்றும் 1 எம்பி எல்லையில்தான் தொடங்கும். அதனால் 7.91 எம்பி பஃபர் நடைமுறையில் 8 எம்பியை அடைத்துக்கொள்கிறது. அந்தப் பகுதியைப் பெரிதாக்கலாம், ஆனால் 1 ஜிபி ரேமில் எவ்வளவு பெரிதாக்குவது? எஞ்சினுக்குள் ஒரு பக்க அட்டவணை வைத்து, சிதறிக் கிடக்கும் பக்கங்களை அதற்குத் தொடர்ச்சியாகக் காட்டுவதுதான் சரியான வழி. எஃப்பிஜிஏ பக்கம் அதைச் சேர்க்க ஒரு வாரம் ஆனது. ஒரு பக்கத்துக்கு 4 பைட் பதிவு. முழுத்திரை பஃபருக்கு 8,100 பைட் அட்டவணை, இரண்டு பக்கத்தில் அடங்கிவிடுகிறது.

கர்னல் பக்கம், பஃபர்களை நிர்வகிக்கும் ஜெம் அமைப்பையும் அதன் ஷ்மெம் உதவி நூலகத்தையும் எடுத்துக்கொண்டேன். ஜெம் 2008 டிசம்பரில் 2.6.28 கர்னலோடு வந்தது. ஷ்மெம் உதவி நூலகம் 2019இல் 5.2 கர்னலில் சேர்ந்தது. பக்கங்களைத் திரட்டுவது, பட்டியல் போடுவது, எம்மேப் செய்வது (பயனர் நிரலுக்குக் காட்டுவது) எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். தனி விஆர்ஏஎம் (கிராஃபிக்ஸ் நினைவகம்) இல்லாத எஞ்சினுக்கு இதுவே போதும். டிடிஎம் என்ற இன்னொரு அமைப்பு தேவைப்படுவது சாதனத்துக்கென்று தனி நினைவகம் இருந்து, அதற்கும் ரேமுக்கும் இடையே பஃபரை நகர்த்த வேண்டியிருக்கும்போது.

இங்கேதான் முதல் தவறான திருப்பம். பக்கங்களின் பட்டியலை ஷ்மெம் ஒரு சிதறல் பட்டியலாகத் தரும். அதில் ஒவ்வொரு பதிவும் ஒரு பக்கம் என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் முகவரியையும் எஞ்சினின் அட்டவணையில் வரிசையாக எழுதினேன். விசித்திரமாக நடந்தது. பலகையை மறுதொடக்கம் செய்ததும் படம் சிதைந்து வரும். 1024 பிக்சல் நீளத் துண்டுகள் இடம் மாறிக் கிடக்கும், பாதி வழியில் எஞ்சின் பிழை பிட்டை உயர்த்தி நின்றுவிடும். அதே பலகையில் பகல் முழுக்க எதையாவது கம்பைல் செய்துவிட்டு மாலையில் ஓட்டினால் படம் பளிச்சென்று வரும். குளிர்ந்திருக்கும்போது கெடுகிறது, சூடானால் சரியாகிறது என்று முடிவுகட்டி, எஃப்பிஜிஏவின் கடிகார நேர அறிக்கையை இரண்டு மாலை வரிவரியாகப் படித்தேன். அதில் ஒரு குறையும் இல்லை.

விடை 1024 என்ற எண்ணிலேயே இருந்தது. 1024 பிக்சல் என்றால் 4096 பைட், சரியாக ஒரு பக்கம். பௌதிக நினைவகத்தில் அடுத்தடுத்து அமைந்த பக்கங்களைச் சிதறல் பட்டியல் ஒரே பதிவாகச் சேர்த்துவிடும். மறுதொடக்கம் ஆன புதிதில் நினைவகம் சிதறாமல் இருக்கும், அதனால் ஒரு பதிவுக்குள் பதினாறு பக்கம், முப்பது பக்கம் என்று இருக்கும். நான் அதில் முதல் பக்கத்தை மட்டும் எழுதிவிட்டு மற்றதை விட்டுவிட்டேன். நாள் முழுக்க வேலை செய்து நினைவகம் சிதறியபின் ஒரு பதிவுக்கு ஒரு பக்கமே மிஞ்சும், என் தப்பான நிரலும் சரியாகிவிடும். பதிவு பதிவாக நடப்பதை விட்டு, டிஎம்ஏ பக்கம் பக்கமாக நடக்கும் மேக்ரோவுக்கு மாற்றினேன். மாற்றியது மூன்று வரி. அட்டவணையில் எழுதிய பதிவுகள் 2025 ஆகாவிட்டால் எச்சரிக்கும் ஒரு வரியையும் சேர்த்தேன். அது இன்னும் இருக்கிறது, எடுக்கப்போவதில்லை.

பயனர் நிரலிலிருந்து பஃபரை மேப் செய்வதில் ஒரு மாலை போனது. டிஆர்எம்மில் எம்மேப்புக்குக் கொடுக்கும் ஆஃப்செட் உண்மையான இடம் அல்ல, எந்தப் பஃபர் என்று அடையாளம் காட்டும் பொய்யான எண். 64 பிட் கர்னலில் அது 4 ஜிபியில்தான் தொடங்கும். என் சோதனை நிரலில் அதை 32 பிட் மாறியில் வாங்கியிருந்தேன். மேல்பாதி வெட்டுப்பட்டு முதல் பஃபரின் ஆஃப்செட் பூஜ்யமாகிவிட்டது, கர்னல் செல்லாத மதிப்பு என்று திருப்பி அனுப்பியது. கர்னலில் பிழை தேடி மூன்று மணி நேரம் அலைந்தபின் பிழை சோதனை நிரலில் இருந்தது.

1366×768 திரையில் சோதித்தபோது படம் சாய்ந்து வந்ததையும் சொல்லிவிடுகிறேன். வரிக்கு 5,464 பைட். என் எஞ்சின் 64 பைட் எல்லையில் வரி தொடங்க வேண்டும் என்று கேட்கும், எனவே 5,504 ஆக்க வேண்டும். உருவாக்கும்போது உயர்த்திக் கணக்கிட்டேன், ஆனால் பயனருக்குத் திருப்பித் தரும் அமைப்பில் பழைய 5,464ஐயே எழுதினேன். வரிக்கு 40 பைட், அதாவது 10 பிக்சல் நகர்ந்து, நிமிர்ந்த கோடெல்லாம் சரிவுப்பலகை ஆயின. இந்த மாதிரிப் பிழை நல்லது. கண்ணாலேயே அளந்துவிடலாம்.

கேஷ் பிழையும் கண்ணுக்குத் தெரிந்ததுதான், ஆனால் நிலையாக நிற்காது. செயலி எழுதிய படத்தை எஞ்சின் நகலெடுத்தால், நகலில் ஆங்காங்கே கிடையாகச் சின்னச் சின்னக் கோடுகள், பழைய படத்தின் மிச்சம். திரையை ஒரு படம் பிடித்துப் பெரிதாக்கி எண்ணினேன். ஒவ்வொரு கோடும் 16 பிக்சல், அல்லது அதன் மடங்கு. 16 பிக்சல் 64 பைட், அதாவது ஒரு கேஷ் வரி. செயலி எழுதியது கேஷிலேயே தங்கிவிட, எஞ்சின் ரேமில் இருந்த பழையதைப் படித்திருக்கிறது. இந்தப் பலகையில் எஃப்பிஜிஏ பக்கத்து டிஎம்ஏ நான் இணைத்த வழியில் செயலியின் கேஷைப் பார்க்காது. ஷ்மெம் பொருளில் ரைட் கம்பைன் (கேஷில் வைக்காமல், எழுதுவதைச் சேர்த்து ரேமுக்கு அனுப்பும் முறை) கொடியை உயர்த்தி வைத்தேன், கோடுகள் மறைந்தன. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. முழுத்திரையை எழுத 6 மில்லிவினாடி ஆனது, அதையே திரும்பப் படித்துச் சரிபார்க்க 85 மில்லிவினாடி. ரைட் கம்பைன் மேப்பில் எழுதுவது வேகம், படிப்பது கொடுமை. எஞ்சினின் விடையைச் செயலி படிக்க வேண்டிய பஃபர்களுக்கு மட்டும் கேஷோடு மேப் செய்து, படிக்கும் முன் டிஎம்ஏ சிங்க் (கேஷையும் ரேமையும் ஒத்துப்போகச் செய்வது) செய்ய ஒரு கொடி வைத்தேன். அதைப் பயன்படுத்தும் இடம் சோதனை நிரல் ஒன்றுதான். இருந்தாலும் சோதனை வேகமாக ஓடினால்தான் நிறைய தடவை ஓடும்.

இப்போது பெரிய பிழைக்கு வருகிறேன்.

பஃபரை உருவாக்கு, எஞ்சினிடம் நிரப்பச் சொல், ஹேண்டிலை (பஃபருக்கென்று பயனர் நிரலிடம் இருக்கும் எண்) மூடு, மறுபடி உருவாக்கு என்று சுற்றும் ஒரு நெருக்கடிச் சோதனை எழுதியிருந்தேன். நிரப்பும் நிறம் ஒரு கருநீலம், நினைவகத்தில் 80 40 20 00 என்ற நாலு பைட். சோதனை ஒரு குறையும் சொல்லாமல் ஓடியது. அடுத்த நாள் அந்தப் பலகையிலேயே டிரைவரைக் கம்பைல் செய்யும்போது, நான் தொடவே தொடாத ஒரு மூலக்கோப்பில் புரியாத எழுத்துகள் இருப்பதாகக் கம்பைலர் நின்றது. கோப்பைத் திறந்தால் நடுவில் குப்பை. எஸ்டி அட்டை தேய்ந்துவிட்டது என்று நினைத்தேன். புது அட்டை வாங்கி, எல்லாவற்றையும் மாற்றி, ஒரு நாள் போனது. மூன்றாம் நாள் வேறொரு கோப்பில் அதே குப்பை.

இந்த முறை அவசரப்படாமல் பதினாறடிமானத்தில் கொட்டிப் பார்த்தேன். 8192ஆவது பைட் வரை நல்ல உரை. அங்கிருந்து 80 40 20 00, 80 40 20 00, 80 40 20 00. 12287ஆவது பைட் வரை அதே. 12288இலிருந்து மறுபடி நல்ல உரை. சரியாக ஒரு பக்கம், சரியாக என் கருநீலம். உட்கார்ந்த இடத்திலேயே உடம்பு சில்லிட்டது. என் எஞ்சின் இன்னொருவர் கோப்புக்குள் வண்ணம் பூசியிருக்கிறது.

பக்கக் கேஷை (படித்த கோப்புகளின் ரேம் நகல்) காலிசெய்துவிட்டு அதே கோப்பைப் படித்தால் கோப்பு முழுசாக, நல்லபடியாக இருந்தது. அட்டையில் ஒன்றும் கெடவில்லை, ரேமில் இருந்த நகல் மட்டும்தான் கெட்டிருந்தது. அந்தப் பக்கம் மாறிவிட்டது என்று கர்னலுக்குத் தெரியாது, அதனால் அதை அட்டைக்கு எழுதவும் இல்லை. நல்லவேளை. கர்னல் தானாக மாற்றிக்கொண்டிருந்த பக்கம் ஒன்றில் பூசியிருந்தால் கோப்பு முறைமையே போயிருக்கும். அன்றிலிருந்து அந்தப் பலகையில் மூலக்கோப்பு வைப்பதில்லை. வலைவழியாகக் கொடுத்து, அதையும் படிக்க மட்டும் அனுமதிக்கிறேன்.

விடுவித்த நினைவகத்தில் யாரோ எழுதுகிறார்கள் என்பது தெளிவு. உடனே கேசானை (நினைவகப் பிழை பிடிக்கும் கர்னல் கருவி) போட்டுக் கர்னலைக் கட்டினேன். அது தன் நிழல் நினைவகத்துக்கு ரேமில் எட்டில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். எனக்கு 128 எம்பி போனது. இரண்டு மாலை ஓடவிட்டேன், ஒரு வார்த்தை பேசவில்லை. பிழை இல்லையோ என்றுகூடத் தோன்றியது. கேசான் பார்ப்பது செயலி இயக்கும் நிரலின் படிப்பையும் எழுத்தையும் மட்டுமே, கம்பைலர் அங்கங்கே சோதனை வரி செருகுவதால். டிஎம்ஏ வழியாக ஒரு சாதனம் நேரே ரேமில் எழுதினால் அதற்குத் தெரிய வழியே இல்லை. இது எனக்கு முன்பே தெரிந்த விஷயம்தான், ஆனால் அந்த நேரத்தில் தோன்றவில்லை.

உதவியது பக்க நச்சூட்டல். பூட் வரியில் அதை இயக்கினால், விடுவித்த ஒவ்வொரு பக்கத்தையும் கர்னல் ஒரு குறிப்பிட்ட பைட்டால் நிரப்பிவைக்கும். அதே பக்கத்தை மறுபடி யாருக்காவது கொடுக்கும்போது அந்தப் பைட்டுகள் அப்படியே இருக்கின்றனவா என்று சரிபார்க்கும். இடையில் எழுதியது செயலியா சாதனமா என்பது அதற்கு முக்கியமில்லை. சோதனை தொடங்கிய நாற்பதாவது வினாடியில் கர்னல் பதிவில் நினைவகச் சிதைவு என்ற செய்தி, கீழே கெட்ட பைட்டுகளின் வரிசை: 80 40 20 00.

கூட வேலை பார்ப்பவரிடம் இதைக் காட்டினேன். கட்டளை அனுப்பும் செயற்கூற்றை மேலிருந்து கீழே ஒரு தடவை படித்தார். "ஹேண்டிலை மூடின பிறகும் எஞ்சின் ஓடிட்டுதான் இருக்கும். அப்ப அந்தப் பஃபரை யார் பிடிச்சிட்டு இருக்காங்க?" என்றார். யாரும் இல்லை.

ஜெம் பொருள் ஒவ்வொன்றிலும் ஒரு ரெஃபரன்ஸ் எண்ணிக்கை உண்டு. நாங்கள் பேச்சில் அதைப் பிடி என்றே சொல்கிறோம். ஹேண்டில் ஒரு பிடி. எம்மேப் செய்தால் அந்த மேப் ஒரு பிடி. வேறு டிரைவரோடு பகிர்ந்தால் டிஎம்ஏபஃப் ஒரு பிடி. கடைசிப் பிடி விட்டதும் பக்கங்கள் கர்னலுக்குத் திரும்பும். என் கட்டளைப் பகுதி, ஹேண்டிலை வைத்துப் பொருளைத் தேடி எடுத்து, முகவரியை எஞ்சினுக்குக் கொடுத்து, உடனே பிடியை விட்டுவிட்டது. எஞ்சின் ஓடும் அந்தச் சில மில்லிவினாடிகளில் பயனரின் ஹேண்டில் மட்டும்தான் பஃபரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதைப் பயனர் மூடினால் பக்கங்கள் போய்விடும், கோப்பு படிக்கும் யாருக்காவது கிடைக்கும், எஞ்சின் தன் போக்கில் பூசிக்கொண்டே இருக்கும்.

திருத்தத்தை இரண்டு படியாகச் செய்தேன், அந்த வரிசை நன்மை செய்தது. முதலில் பஃபரை விடுவிக்கும் இடத்தில், பக்கங்களைத் திருப்பிக் கொடுக்கும் முன், எஞ்சின் அட்டவணையில் அந்தப் பதிவுகளைப் பூஜ்யமாக்கி, எஞ்சினுக்குள் இருக்கும் முகவரி மாற்றக் கேஷையும் காலிசெய்தேன். அடிப்படைப் பிழை இன்னும் அப்படியே இருந்தது. ஆனால் இப்போது எஞ்சின் இன்னொருவர் பக்கத்தில் எழுதாமல், பிழை பிட்டை உயர்த்தி, முகவரியோடு நின்றது. சத்தமில்லாமல் கெடுத்த பிழை இப்போது கத்தியது. ஒரு நிமிடத்துக்கு இருநூறு தடவைக்கு மேல். இவ்வளவு நாள் எத்தனை பக்கம் போயிருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது.

இரண்டாவது படி, கட்டளை ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள். அது தான் தொடும் பஃபர்கள் எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கும். எஞ்சின் முடித்து ஃபென்ஸ் (வேலை முடிந்ததைக் காட்டும் அடையாளம்) சிக்னல் ஆனபின்தான் விடும். எழுதிப் போட்டதும் பிழை பிட் அடங்கியது. கூடவே வேறொரு சத்தம். பிடியை இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள்ளேயே விட்டிருந்தேன். பயனர் முன்பே ஹேண்டிலை மூடியிருந்தால் அதுவே கடைசிப் பிடி, அங்கேயே விடுவிப்பு தொடங்கிவிடும். ஷ்மெம் விடுவிப்பு ஒரு பூட்டை எடுக்கும், அதற்காகத் தூங்க நேரலாம். இன்டரப்டுக்குள் தூங்கக் கூடாது. கர்னல் அதைத்தான் பக்கம் பக்கமாக எச்சரித்தது. பிடி விடுவதை ஒரு வொர்க் கியூவுக்கு (இன்டரப்டுக்கு வெளியே பிறகு செய்யும் வேலை வரிசை) தள்ளினேன். இன்டரப்ட் இப்போது ஃபென்ஸைச் சிக்னல் செய்து, வேலையை வரிசையில் போட்டுவிட்டுத் திரும்பிவிடும்.

பிடிகளைச் சேர்த்தால் கசிவும் கூடவே வரும். சிதைவு நின்ற மகிழ்ச்சியில் இரவு ஓடவிட்டுவிட்டுப் படுத்தேன், காலையில் பலகை நினைவகம் இல்லாமல் நின்றிருந்தது. ஷ்மெம் எண்ணைப் பார்க்கும் பழக்கம் அன்று தொடங்கியதுதான். ஒவ்வொரு சோதனையையும் தனித்தனியாக ஆயிரம் சுற்று ஓட்டி, முன்னும் பின்னும் எண்ணைக் குறித்துக்கொண்டேன். எல்லாம் சுத்தம், ஒன்றைத் தவிர: வேண்டுமென்றே தப்பான ஹேண்டில் கொடுக்கும் சோதனை. ஆயிரம் சுற்றில் 1,28,000 கிலோபைட் ஏறியிருந்தது. அதில் ஒரு பஃபர் 64 கிலோபைட். 1,28,000ஐ 64ஆல் வகுத்தால் 2,000. சுற்றுக்கு இரண்டு பஃபர். அந்தச் சோதனை ஒரு கட்டளையில் மூன்று ஹேண்டில் கொடுக்கும், மூன்றாவது மட்டும் தப்பு. முதல் இரண்டையும் பிடித்துவிட்டு, மூன்றாவது கிடைக்காமல் பிழையோடு திரும்பும்போது அந்த இரண்டையும் விடாமல் வந்திருக்கிறேன். வகுத்தல் கணக்கு நேரே அந்த வரியில் கொண்டுபோய் நிறுத்தியது. ஒரு சோதனையில் வரும் பஃபர்கள் எல்லாம் ஒரே அளவாக இருந்தால் இப்படி வகுத்துப் பார்க்க முடியும். அது தற்செயலாக அமைந்தது, இனி வேண்டுமென்றே அப்படி வைப்பேன்.

கேசானை எடுக்காமல் விட்டிருந்தது அடுத்த வாரம் கைகொடுத்தது. ஒரு நிரலின் இரண்டு இழைகளை (த்ரெட்) திறந்த ஒரே சாதனக் கோப்பின்மேல் ஓடவிட்டேன். ஒன்று பஃபர் உருவாக்கும், மற்றொன்று 1 என்ற ஹேண்டிலை ஓயாமல் மூடும். ஹேண்டில் எண் காலியாக இருப்பதில் மிகச் சிறியது, 1இலிருந்து தொடங்கும். எனவே ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை. கேசான் உடனே பேசியது: விடுவித்த பொருளிலிருந்து 8 பைட் படிப்பு. என் உருவாக்கும் செயற்கூறு, ஹேண்டிலைக் கொடுத்து, தன் பிடியை விட்டு, அதன்பின் பயனருக்குத் திருப்பித் தர பொருளின் அளவைப் படித்தது. ஹேண்டில் பதிவான அந்தக் கணத்திலிருந்தே அது பயனரின் சொத்து. அழைப்பு இன்னும் திரும்பவில்லையே என்று இன்னொரு இழை காத்திருக்காது. அளவை முன்பே எடுத்துவைத்து, ஹேண்டில் உருவாக்குவதைக் கடைசி வேலையாக்கினேன். பொருளில் எழுத வேண்டியது ஏதாவது இருந்தால் எல்லாம் அதற்கு முன்பு.

திரை டிரைவரோடு பகிர்வது எதிர்பார்த்ததைவிடச் சுலபம். டிஎம்ஏபஃப் 2012இல் 3.3 கர்னலில் வந்ததிலிருந்து இது வழக்கமான வேலை, ஷ்மெம் நூலகமே பெரும்பகுதியைச் செய்துவிடுகிறது. பாதி வரைந்த படம் திரைக்குப் போனது மட்டும் ஒரு குறை. பஃபரை யார் பயன்படுத்துகிறார்கள் என்று குறிக்கும் ரிசர்வேஷன் பொருளில் என் ஃபென்ஸை எழுத்து வகையாகச் சேர்க்காமல் விட்டிருந்தேன், அதனால் திரை டிரைவர் எதற்கும் காத்திருக்கவில்லை. சேர்த்ததும் சரியானது.

நினைவகம் குறையும்போது வேண்டாத பஃபர்களைக் கர்னலே திரும்ப எடுக்கும் ஷ்ரிங்கர் மட்டும் இன்னும் முடியவில்லை. முதல் வடிவத்தில் ஷ்ரிங்கருக்குள் ரிசர்வேஷன் பூட்டை எடுத்தேன். பூட்டுகளின் வரிசையைச் சரிபார்க்கும் லாக்டெப் வட்டம் போட்டுக் காட்டியது: அந்தப் பூட்டைப் பிடித்துக்கொண்டே வேறோர் இடத்தில் நினைவகம் கேட்கிறேன், நினைவகம் இல்லையென்றால் கர்னல் ஷ்ரிங்கரை அழைக்கும், ஷ்ரிங்கர் அதே பூட்டுக்குக் காத்திருக்கும். பலகை உண்மையில் ஒரு தடவைகூடத் தொங்கவில்லை, லாக்டெப் வழியைப் பார்த்தே சொல்லிவிட்டது. முயன்று பார்த்துக் கிடைக்காவிட்டால் அடுத்த பஃபருக்குப் போகும் டிரைலாக்குக்கு மாற்றியிருக்கிறேன். எச்சரிக்கை போய்விட்டது. நினைவகம் உண்மையாகவே நெருக்கும்போது எத்தனை பஃபரை விடுவிக்கிறது என்று இன்னும் அளக்கவில்லை.

மறுபடி தொடங்கினால் எஞ்சினுக்கு அட்டவணை எழுதும் நாளிலேயே பூஜ்யப் பதிவு என்றால் நில் என்ற விதியையும், விடுவிக்கும்போது பூஜ்யமாக்குவதையும் சேர்த்தே எழுதுவேன். அதற்கு ஒரு மாலை ஆகும், எனக்கு மிச்சமாகியிருக்கக்கூடியது பத்து நாளுக்கு மேல். கட்டளைப் பொருளில் பிடி வைப்பதை, முதல் செவ்வகம் திரையில் தெரியும் முன்பே செய்வேன். கேசான், லாக்டெப், பக்க நச்சூட்டல் மூன்றும் உள்ள கர்னலையே அன்றாடக் கர்னலாக வைத்துக்கொண்டு, வேகம் அளக்க மட்டும் வெறும் கர்னலுக்குப் போவேன். சோதனை நிறமாக வெள்ளையோ கறுப்போ வைக்கவே மாட்டேன். நிரப்பியது பூஜ்யமாக இருந்திருந்தால் அந்தக் கோப்பில் இருந்தது வெறும் காலிப் பக்கமாகத் தெரிந்திருக்கும், நான் இன்னும் எஸ்டி அட்டைகளையே மாற்றிக்கொண்டிருப்பேன்.

இன்றிரவு ஷ்ரிங்கரை அளக்கப் போகிறேன். 64 கிலோபைட் பஃபர்களில் பாதியை வேண்டாதவை என்று குறித்து, ஒரு சின்ன நிரல் ரேமை மெதுவாக நிரப்பும். பத்து வினாடிக்கு ஒருமுறை ஷ்மெம் வரியைக் குறித்துக்கொள்ளும். இந்தத் தடவை பதிவுக் கோப்பு அட்டைக்குப் போகும்.